திறவாத கோப்புறைகள்: காரணமும் பரிகாரமும்

கல்லூரி விழா மலர் ஒன்றிற்கெனப் பழைய நிழற்படமோ நாடகப் பிரதியோ விளையாட்டுப் போட்டி அறிக்கையோ வேண்டுமெனப் பழைய மாணவரைக் கேட்குங்கால், "இருக்கிறது, வீட்டுக் கணினியிலேதான் இருக்கிறது, ஆனால் அந்தக் கோப்புறை திறக்குதில்லை" என்னும் விடை இக்காலத்திற் பலமுறை கிடைக்கின்றது. முற்காலத்தில் இதே கேள்விக்கு, "பெட்டியிலே இருந்தது, கறையான் தின்றுவிட்டது" என்று விடை வரும். இரண்டும் ஒரே இழப்பைக் கூறுவனபோலத் தோன்றினும் அவற்றிடையே பெரியதொரு வேற்றுமை உண்டு. கறையான் தின்ற தாள் மீளாது. திறவாத கோப்புறையோ, காரணத்தை ஆராய்ந்தறிந்து அணுகுவார்க்குப் பெரும்பாலும் மீளும். அவசரப்பட்டு அணுகுவார் கையிலேதான் அஃது அழிந்துபோகின்றது. இவ்வுண்மையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம்மவர்க்கு இவ்விடயம் வெறும் இயந்திர நுட்பம் அன்று. திருகோணமலைப் பகுதிக் குடும்பங்கள் பல 1983, 1985, 1990 ஆகிய ஆண்டுகளில் வீடு வாசல்களை விட்டு இடம்பெயர்ந்தவை. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை கரையோர வீடுகளில் எஞ்சியிருந்த படங்களையும் சான்றிதழ்களையும் கொண்டு சென்றது. மூலப் படம் அழிந்தபின், யாரோ ஒருவர் முன்னரே வருடி வைத்த பிரதியே பல வேளைகளில் மூலமாகி நிற்கின்றது. அப்பிரதி ஒரு கோப்புறையுள் இருக்க, அக்கோப்புறை திறவாதிருப்பின், அதனை எவ்வாறு கையாள வேண்டும் என்பதை மாணவரும் ஆசிரியரும் பழைய மாணவரும் அறிந்திருத்தல் கடனாகும்.

1. கோப்புறை என்பது யாது?

கோப்புறை என்னுஞ் சொல் கோப்பு, உறை என்னும் இரு சொற்களால் ஆயது. கோத்து வைக்கப்படுதலாற் கோப்பு. இலங்கை அரச அலுவலகங்களில் அதனைக் கோவை என்றும் வழங்குவர். கோப்புகளை இட்டு வைக்கும் உறை கோப்புறை. திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்தவரும் சென்னையிற் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவருமாகிய சுவாமி விபுலானந்தரின் காலந்தொட்டுப் புதுப்பொருளுக்குத் தமிழிற் பெயரிடுதல் எம்மவர்க்குப் பழகிய முயற்சியே. இச்சொல்லும் அழகிய சொல்லே. எனினும், உவமையாற் பிறந்த சொல் சிலவேளை மயக்கமுந் தரும்.

உறை என்றவுடன், தாள்கள் அதனுள்ளே செருகப்பட்டுள்ளன எனவும், உறை தொலைந்தால் தாள்களும் தொலைந்தன எனவும் எண்ணுகின்றோம். கணினியில் நிகழ்வது அதுவன்று. கோப்புறை உண்மையில் ஒரு பட்டியலாகும். இன்ன பெயருடைய கோப்பின் விவரம் இன்ன இடத்தில் உளது என்னுங் குறிப்புகளே அதனுள் இருப்பன. கோப்புகளின் உள்ளடக்கமோ தட்டின் வேறு வேறு பகுதிகளிற் பரந்து கிடக்கும்.

துறைமுகத்தை நாடோறுங் காணும் எம்மவர்க்கு இதனை விளக்குதல் எளிது. உட்துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் சரக்குக் கப்பலில் ஒரு சரக்குப் பட்டியல் உண்டு. அப்பட்டியல் நனைந்து கிழிந்துபோயின், எந்தப் பொதி எங்குளது என்று தெரியாது தடுமாறுவோம். ஆயினும் கப்பலின் வயிற்றிலுள்ள பொதிகள் கடலில் விழுந்துவிடவில்லை. திறவாத கோப்புறையின் நிலையும் பெரும்பாலும் இத்தகையதே. ஆனால், பட்டியல் இல்லாமையைக் கண்டு கப்பல் வெறுமையாயிற்று என்று கருதி அதன்மேற் புதுச் சரக்கை ஏற்றினால், பழையன நசுங்கி அழியும். பழுதுற்ற தட்டிற் புதிய கோப்புகளை எழுதுதல் அத்தகைய செயலாகும். இவ்வொன்றை உணர்ந்தாரே பாதி வேலையை முடித்தவராவர்.

2. முதலிற் செய்யத் தகுவனவும் தகாதனவும்

கோப்புறை திறவாதபோது, கணினி திரையில் ஏதேனும் ஒரு செய்தியைக் காட்டும். பலர் அதனை வாசியாமலே மூடிவிடுவர். வைத்தியர்க்கு நோயாளி கூறும் முதற்சொல் எத்துணை முக்கியமோ அத்துணை முக்கியமானது அச்செய்தி. அதனைக் கைப்பேசியாற் படம்பிடித்து வைத்தல் நன்று. பின்னர் நான்கு சோதனைகளை முறையே செய்க.

முதலாவது, அதே தட்டிலுள்ள வேறு கோப்புறைகள் திறக்கின்றனவா எனப் பார்க்க. ஒன்று மட்டும் திறவாதெனின் குற்றம் அதனுடையது; எவையுந் திறவாவெனின் குற்றம் தட்டினுடையதோ கணினியினுடையதோ ஆம். இரண்டாவது, கணினியை முறைப்படி நிறுத்தி மீண்டும் இயக்கிப் பார்க்க. மூன்றாவது, அதே கோப்புறையை வேறொரு வழியால் அணுகிப் பார்க்க. சான்றாக, எழுத்துச் செயலி ஒன்றைத் திறந்து, அதிலுள்ள "திற" என்னுங் கட்டளையின் வழியே அக்கோப்புறைக்குள் நுழைய முயல்க. நான்காவது, அது பென்டிரைவிலோ வெளி வன்தட்டிலோ இருப்பின், வேறு கம்பியாலும் வேறு கணினியிலும் இணைத்துப் பார்க்க. பழுதான கம்பி ஒன்றினால் நல்ல தட்டுகள் பழிசுமந்த கதைகள் பலவாகும்.

செய்யத் தகாதன மூன்று. "இத்தட்டைப் பயன்படுத்துமுன் இதனை வடிவமைக்க வேண்டும்" எனக் கணினி கேட்குமாயின், அதற்கு இசைதல் கூடாது. வடிவமைத்தல் பழைய பட்டியலை நீக்கிப் புதுப் பட்டியல் இடுதலாகும். திறவாத கோப்புறையை "வெறுங் கோப்புறை" எனக் கருதி அழித்தல் கூடாது. உள்ளிருப்பனவற்றைப் பிரதி எடுக்குமுன் பழுது நீக்குங் கருவி எதனையும் இயக்குதல் கூடாது. இம்மூன்றனையும் தவிர்த்தவர் இழப்பது அரிது.

3. காரணங்களின் வகை

கோப்புறை திறவாமைக்கு வீட்டுக் கணினிகளிற் பெரிதுங் காணப்படுங் காரணங்களை ஐவகைப்படுத்தலாம்.

(அ) உரிமை மறுக்கப்படுதல். "அணுகல் மறுக்கப்பட்டது" என்னும் பொருள்படுஞ் செய்தி வருமாயின், பெரும்பாலும் கோப்புறை நலமாகவே உளது. வாயில் காப்போன் எம்மை அடையாளங் காணவில்லை, அவ்வளவே. விண்டோஸ் கணினியில் ஒவ்வொரு பயனருக்கும் எண்களாலாய ஓர் அடையாளம் உண்டு. கோப்புறையின் உரிமை அவ்வடையாளத்திற்கே எழுதப்பட்டிருக்கும். பழைய கணினி பழுதாகி, அதன் வன்தட்டைக் கழற்றிப் புதிய கணினியில் இணைக்கும்போது, பயனர் பெயர் ஒன்றேயாயினும் அடையாள எண் வேறாதலின், புதிய கணினி கதவை அடைத்துவிடுகின்றது.

பரிகாரம் வருமாறு. நிருவாகி உரிமையுள்ள கணக்கில் நுழைந்து, கோப்புறையைச் சொடுக்கினால், "தொடர்க" என்னும் பொத்தான் தோன்றும். அதனை அழுத்துதலே பலமுறை போதும். போதாதாயின், கோப்புறையின்மேல் வலச் சொடுக்குச் செய்து, பண்புகள், பாதுகாப்பு, மேம்பட்டவை என்னும் பகுதிகளுக்கு முறையே சென்று, உரிமையாளர் என்னுமிடத்தில் எமது பெயரை இட்டு, உட்கோப்புறைகளுக்கும் அம்மாற்றம் பொருந்துமாறு குறியிட்டு முடிக்க. ஆனால் விண்டோஸ் இயங்குதளத்திற்கே உரிய கோப்புறைகளில் இதனைச் செய்தல் தகாது.

ஈண்டு ஒரு விலக்கும் அறிதற்பாலது. பயனர் ஆவணங்களை இட்டு வைத்த ஒரு கோப்புறைக்கு விண்டோஸ் எக்ஸ்பியில் "டொக்கியுமென்ட்ஸ் அன்ட் செட்டிங்ஸ்" என்பது பெயர். 2007 இல் வீட்டுப் பயனரை அடைந்த விஸ்டா முதலாக அஃது "யூசர்ஸ்" எனப் பெயர் மாறிற்று. பழைய பெயர் ஒரு வழிகாட்டிப் பலகைபோல மட்டும் நிற்கின்றது. அதனைச் சொடுக்கினால் எப்பொழுதும் மறுப்பே வரும். அது பிணியன்று, அமைப்பு. அதனைத் திருத்தப் புகுதல் வீண்.

(ஆ) காட்டுங் கருவி தடுமாறுதல். வட்டம் சுழன்றுகொண்டே இருக்க, அல்லது பச்சைக் கோடு மேலே மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்க, கோப்புறை திறவாதிருத்தல் ஒன்று. ஆயிரக்கணக்கான நிழற்படங்களை ஒரே கோப்புறையுள் இட்டவர்க்கு இது நேரும். படம் ஒவ்வொன்றிற்கும் சிறு உருவம் வரைந்து காட்ட முயலும் கணினி, பழுதுற்ற ஒரு படத்திலே தடுக்கி நின்றுவிடுதலும் உண்டு. முற்கூறிய மூன்றாஞ் சோதனையின்படி வேறொரு செயலியின் வழியாகக் கோப்புறை திறக்குமாயின், பட்டியலில் குற்றமில்லை, காட்டுங் கருவியிலேதான் குற்றம் என்பது உறுதி.

இதற்குப் பணி மேலாளர் எனப்படும் சாளரத்தில் "விண்டோஸ் எக்ஸ்புளோரர்" என்பதைத் தெரிந்து மீள இயக்குக. கோப்புறைப் பண்புகளில், அது படங்களுக்குரியது என்றிருப்பதைப் பொதுவானது என மாற்றுக. சிறு உருவங்களை விடுத்துப் பெயர்ப் பட்டியலாக மட்டுங் காட்டுமாறு செய்க. படங்களை ஆண்டுவாரியாகச் சிறு கோப்புறைகளாகப் பிரித்தல் நிலையான பரிகாரமாகும்.

(இ) வைரஸ் மறைத்தல். அச்சகம், தொடர்பாடல் நிலையம், பாடசாலைக் கணினிக் கூடம் எனப் பல கைகள் மாறும் பென்டிரைவ்களில் இது பெரிதுங் காணப்படும். கோப்புறைகள் யாவும் இருந்தபடியே இருக்கும். ஆனால் ஒவ்வொன்றின் மூலையிலும் சிறு அம்புக்குறி ஒன்று முளைத்திருக்கும். அவை கோப்புறைகளல்ல, கோப்புறை வேடமிட்ட குறுவழிகள். அளவைப் பார்த்தால் ஓரிரு கிலோபைட்டே இருக்கும். அவற்றைச் சொடுக்குந்தோறும் வைரஸ் கணினிக்குட் புகும். உண்மைக் கோப்புறைகளோ மறைவானவை எனவும் இயங்குதளத்திற்குரியவை எனவும் முத்திரை குத்தப்பட்டு அதே தட்டில் ஒளிந்திருக்கும். சில வைரஸ்கள் அவையனைத்தையும் பெயரே இல்லாத ஒரு கோப்புறையுள் தள்ளிவிடுதலும் உண்டு.

ஆதலின், அம்புக்குறி உடைய எதனையுஞ் சொடுக்காது, முதலில் வைரஸ் தடுப்பு மென்பொருளால் தட்டை ஆராய்க. பின்னர், கோப்புறைத் தெரிவுகளில், மறைந்தவற்றைக் காட்டுக என்பதற்குக் குறியிட்டு, இயங்குதளக் கோப்புகளை மறைத்திடுக என்பதன் குறியை நீக்குக. மங்கிய நிறத்தில் உண்மைக் கோப்புறைகள் தோன்றும். படங்களையும் ஆவணங்களையும் மட்டும் வேறிடத்திற்குப் பிரதி செய்து, பிறகே தட்டை வடிவமைக்க. மறைக்கப்பட்டமையைக் கண்டு, "எல்லாம் அழிந்தன" என்று அத்தட்டை எறிந்தவர்கள் உளர். அவர்கள் எறிந்தது தம் நினைவுகளையே.

(ஈ) பூட்டப்படுதல். இதுவும் இருவகைத்து. நாமே பூட்டியது ஒன்று. பகைவர் பூட்டியது மற்றொன்று.

புதிய கணினிகள் பலவற்றில் வன்தட்டு முழுவதும் இரகசியக் குறியீட்டிற் பூட்டப்பட்டே இருக்கும். மைக்ரோசொப்ட் கணக்கின் வழியாகக் கணினியை முதன்முதல் அமைக்கும்போதே இப்பூட்டு விழுந்துவிடுதலும் உண்டு. உரிமையாளர் அறியாமலே இருத்தலும் கூடும். தாய்ப்பலகை பழுதாகித் தட்டை வேறு கணினியில் இணைக்கும்போது, 48 இலக்கங்களாலாய மீட்புத் திறவுகோல் கேட்கப்படும். அது பெரும்பாலும் அக்கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். அக்கணக்கையும் மீட்க இயலாது, திறவுகோல் வேறெங்கும் இல்லையாயின், திறப்பதற்கு வேறு வழியில்லை. கல்லூரி வரலாற்றைத் தம் கணினியிலே தொகுத்து வைத்த முதியவர் ஒருவர் காலமாயின், அவர்தம் மக்கள் அக்கதவின் முன்னே கைபிசைந்து நிற்க நேரும். ஆகவே திறவுகோலைத் தாளில் எழுதி, வீட்டுறுதியும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் பெட்டியிலே வைத்தல் அறிவுடைமையாம்.

பகைவர் பூட்டுவது பணயத் தீநிரல் எனப்படும். கோப்புகளின் பெயரிறுதியில் அறியாத எழுத்துக்கள் ஒட்டியிருக்கும். பணங்கேட்டு ஒரு கடிதமும் இருக்கும். 2017 மே 12 ஆம் நாள் பரவிய வானாக்ரை என்பது உலகெங்கும் வைத்தியசாலைகளையும் அலுவலகங்களையும் இவ்வாறு முடக்கிற்று. அதனைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதற்கு இரு மாதங்களின் முன், மார்ச் 14 ஆம் நாளே வெளியிட்டிருந்தது. அதனை இட்டுக்கொள்ளாதவரே பெரிதும் அல்லற்பட்டனர். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றமையையும் வீட்டுக் கணினி வைத்திருப்போர் கருத்திற் கொள்க. இத்தீநிரல் தாக்கியதாக அறிந்தவுடன் இணைய இணைப்பைத் துண்டித்து, ஏனைய தட்டுகளையும் கழற்றிவிடுக. பணம் செலுத்தினாலும் திறவுகோல் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. நெதர்லாந்துப் பொலிசாரும் யூரோபோலும் மென்பொருள் நிறுவனங்கள் இரண்டும் சேர்ந்து 2016 யூலையில் தொடங்கிய "நோ மோர் ரான்சம்" என்னும் முயற்சியின் வழியாகச் சில தீநிரல்களுக்குத் திறவுகோல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. இன்று திறவாதது நாளை திறத்தல் கூடுமாதலின், பூட்டப்பட்ட கோப்புகளையும் அழியாது வைத்தல் நன்று.

(உ) தட்டுப் பழுதுறுதல். "கோப்பு அல்லது அடைவு சிதைந்துள்ளது, வாசிக்க இயலாது" என்னுஞ் செய்தி வருமாயின், பட்டியலிலேயே கேடு நேர்ந்துள்ளது என்க. எழுதிக்கொண்டிருக்கும்போதே பென்டிரைவைப் பிடுங்குதலும், மின்சாரம் திடீரென நிற்றலும் இதற்குப் பெருங்காரணங்கள். வன்தட்டுகளிற் பெரிதும் வழங்கும் என்டிஎப்எஸ் என்னும் முறை, பட்டியலிற் செய்யப்போகும் மாற்றத்தை முன்னரே ஒரு நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு செய்வதாகலின், இடையிலே தடை நேரினும் பெரும்பாலும் தானே சீர்செய்துகொள்ளும். பென்டிரைவ்களில் வழங்கும் முறைகளுக்கு அந்நாட்குறிப்பு இல்லை. ஆதலால் அவை எளிதிற் கெடும்.

தட்டிலிருந்து "டிக், டிக்" என்னும் ஒலி எழுமாயின், அது பட்டியலின் கேடன்று, இயந்திரத்தின் கேடு. உடனே மின்சாரத்தை நிறுத்தி, தரவு மீட்பில் வல்லாரிடம் ஒப்படைக்க. ஒலியில்லையேல், திறக்கக்கூடியன அனைத்தையும் முதலில் வேறு தட்டிற்குப் பிரதி செய்க. அதன் பின்னரே "செக் டிஸ்க்" என்னும் பழுதுநீக்கியை இயக்கலாம். இக்கருவியின் கடமை பட்டியலை முரணின்றிச் செய்தல். எமது கோப்புகளைக் காத்தல் அன்று. முரண்படுங் குறிப்பை அது வெட்டியும் எறியும். உரிமையாளர் தெரியாத துண்டுகளை அது தனியே ஒரு கோப்புறையுள் பெயரின்றி இட்டு வைக்கும். ஆதலின், கத்தியை எடுக்குமுன் பிரதியை எடுக்க என்பதே விதி.

4. தமிழ்ப் பெயரால் வரும் இடர்

மேற்கூறியன எம்மொழியார்க்கும் பொது. தமிழில் பெயரிடுவார்க்குச் சிறப்பாக நேரும் இடர்கள் சில உண்டு. தமிழிற் பெயரிடுதலைக் கைவிடுதல் அவற்றிற்குப் பரிகாரமாகாது. தன்மையறிந்து இடுதலே பரிகாரம்.

திருகோணமலை என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். எமது கணக்கில் இது தி, ரு, கோ, ண, ம, லை என ஆறு எழுத்து. கணினியின் கணக்கிலோ மெய்யுருவும் உயிர்க்குறியும் தனித்தனி எண்ணப்படுதலால் பத்துக் குறியீடு. பல கணினிகளிலும் இணையத்திலும் வழங்கும் சேமிப்பு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடங்கொள்ளும். ஆக, முப்பது பைட்டு. லினக்ஸ் இயங்குதளத்திலும், அதன்மேல் அமைந்த சேமிப்புப் பெட்டிகளிலும் ஒரு பெயர் பொதுவாக 255 பைட்டுக்கு மேற்படலாகாது. எனவே, தமிழிற் பெயரிடுவார்க்கு 85 குறியீடே எல்லை. "பழைய மாணவர் சங்கப் பொன்விழாக் கலை நிகழ்ச்சிப் படங்கள்" என்று தொடங்கி நாளும் இடமும் சேர்த்து நீளப் பெயரிடின், விண்டோஸில் நன்கு இருந்த கோப்புறை அங்கே பிரதியாக மறுக்கும்.

விண்டோஸில் வேறோர் எல்லை உண்டு. கோப்புறையினுட் கோப்புறையாகச் சென்று கோப்பை அடையும் முழு வழியும் வழமையாக 260 குறியீட்டுக்குள் அடங்க வேண்டும். மீறியவற்றைத் திறக்கவோ அழிக்கவோ பெயர்மாற்றவோ அது மறுக்கும். மேலேயுள்ள கோப்புறைகளின் பெயர்களைச் சுருக்கினால், அன்றி அக்கோப்புறையைத் தட்டின் முதல் நிலைக்கு நகர்த்தினால், அது திறக்கும். பெயரின் இறுதியிற் புள்ளியோ வெற்றிடமோ இருத்தலும் இத்தகைய குற்றமே.

இன்னும் நுண்ணியது ஒன்று. "கோ" என்பதை ஓகாரக் குறியொன்றால் எழுதலாம். ஏகாரக் கொம்பும் காலும் எனப் பிரித்து இரு குறியாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒருங்குறி விதியும் இரண்டனையும் சமமெனவே கொள்ளும். ஆனால் விண்டோஸ் இரண்டனையும் இரு வேறு பெயர்களாகவே கருதும். பழைய மக் கணினிகள் பெயரைப் பிரித்தே சேமித்தன. ஆதலின் அவற்றிலிருந்து வந்த "கோணேசர்" கோப்புறையும் இங்கு உருவாக்கிய "கோணேசர்" கோப்புறையும் அருகருகே நிற்கும். ஒன்றில் படங்கள் இருக்க, மற்றொன்று வெறுமையாய் இருக்கும். வெறுமையானதைத் திறந்தவர் படங்கள் போயின என்று மயங்குவர். பெயரைத் தட்டச்சிட்டுத் தேடினாலும் ஒன்றே அகப்படும். "கௌரவம்" என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் இடுவாரும் இதே இடரை விளைவிப்பர். தேடியது அகப்படாதபோது, பெயரால் தேடாது கண்ணால் தேடுக.

5. திறந்தும் படிக்க இயலாதவை

கோப்புறை திறந்தபின்னும் உள்ளிருக்குங் கோப்பு பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாய்த் தோன்றுவதுண்டு. அது பழுதன்று. ஒருங்குறி பரவுமுன், இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பாமினி என்னும் எழுத்துரு பெருவழக்காயிருந்தது. அதில் ஆங்கில எழுத்துக்களின் இடத்திலேயே தமிழ் உருவங்கள் வைக்கப்பட்டிருந்தன. எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்து ஆங்கில எழுத்து வெளிப்படுகின்றது. 1991 இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றதாயினும், எம் வீட்டுக் கணினிகளில் அது நிலைபெறப் பல்லாண்டு சென்றது. அவ்வெழுத்துருவை நிறுவினால் கோப்பு படிக்கப்படும். மாற்றி ஒன்றின் வழியாக ஒருங்குறிக்கும் கொணரலாம். மாற்றியபின் மூலத்தை அழித்தல் தகாது. மாற்றத்திற் பிழை நேர்தல் உண்டு.

கல்லூரி மலர்கள் பல பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளிற் பக்கமமைக்கப்பட்டன. அதன் இறுதிப் பதிப்பு 2001 இல் வெளிவந்தது. அதன் வழித்தோன்றலாகிய இன்டிசைனும் 2012 இல் வந்த சிஎஸ்6 வரையே அக்கோப்புகளைத் திறந்தது. ஆகவே பழைய மலர்களின் கோப்புகளை வைத்திருப்போர், அவற்றைத் திறக்கவல்ல பழைய கணினி எங்கேனும் உயிரோடிருக்கும்போதே பிடிஎப் வடிவில் ஒரு பிரதி எடுத்து வைத்தல் இன்றியமையாதது. இதில் நோய் கோப்பினுடையதன்று. அதனைப் படிக்க வல்ல மொழி வழக்கொழிதலே நோய்.

6. எம் ஊரும் எம் கடமையும்

எம் ஊரின் இயல்பும் இங்கு நோக்கத்தக்கது. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நகரில் உப்புக் காற்று உலோகத் தொடுகைகளைத் துருவாக்கும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்து ஈரம் அதனை விரைவாக்கும். நெடுநாள் தொடாத வன்தட்டைக் காற்றுப்புகாத பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொதியுடன் வைத்தல் நன்று. 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டமையை யாவரும் அறிவர். மின்சாரம் நின்று மீளும் வேளைகளிலேயே பட்டியல்கள் பெரிதுங் கெடுகின்றன. ஆதலின், சிறியதொரு தடையிலா மின்வழங்கி வீண்செலவாகாது.

இவை யாவற்றினும் மேலான காப்பு பிரதி எடுத்தலே. மூன்று பிரதிகள், அவை இருவகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேற்றூரில் என்பது அறிந்தோர் கூறும் விதி. மூன்றாம் பகுதியே எம்மவர்க்கு முதன்மையானது. ஒரே அலுமாரியிலுள்ள மூன்று பிரதிகளையும் ஒரே அலை கொண்டு செல்லும். உவர்மலையிலுள்ள வீட்டில் ஒன்றும், கொழும்பிலோ இலண்டனிலோ ரொறன்ரோவிலோ உள்ள உறவினரிடம் ஒன்றும் இருத்தல் வேண்டும். 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பாடசாலை மலர்களையும் பேணி வருகின்றது. அத்தகைய இடத்தில் ஒரு பிரதி சேர்தல் எல்லாருக்கும் நன்மையாம்.

இவ்வறிவு எமக்குப் புதிதன்று. ஓலை அழியும் என்பதை அறிந்த எம்முன்னோர், ஏடு பழுதுறுமுன் வேறேட்டிற் பெயர்த்தெழுதினர். பெயர்த்தெழுதப்பட்டவை வாழ்ந்தன, எழுதப்படாதவை மாண்டன. 1895 இல் மோகனாங்கி என்னும் நாவலை வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலையிற் பிறந்தவர். சென்னையிற் சுவடி நிலையப் பணியில் இருந்தவர். அவர்தம் தமையனார் கனகசுந்தரம்பிள்ளை ஏடுகளை ஒப்புநோக்கிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறெங்கும் பிரதியில்லாதவையே மீளாது மறைந்தன. சுவடியைக் காத்தவர் வழிவந்த நாம், எம் கணினியிலுள்ள கோப்புறையைக் காக்கத் தவறுதல் முறையோ?

ஆதலின், பழைய மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிற் தூங்கும் பழைய கணினியையும், மேசை இழுப்பறையிற் கிடக்கும் பென்டிரைவையும் இவ்விழாவாண்டில் ஒருமுறை எடுத்துப் பார்ப்பாராக. திறந்தால் உடனே பிரதி செய்க. திறவாதாயின் செய்தியை வாசித்து, காரணத்தை வகுத்து, பிரதி எடுத்து, பின்னரே பரிகாரஞ் செய்க. கணினி பயிலும் இன்றைய மாணவர், முதியோர்க்கு இவ்விடயத்தில் உதவுதலைத் தம் கல்லூரிக்குச் செய்யும் தொண்டாகக் கொள்வாராக. நூற்றாண்டு கண்ட கல்லூரியொன்றின் வரலாறு ஆவணக் கூடங்களில் மட்டும் இருப்பதன்று. அது மாணவர்தம் வீடுகள்தோறும் சிதறிக் கிடப்பது. மூடிய கோப்புறை ஒன்று திறக்கும்போது, யாருடைய முகம் அதனுள்ளிருந்து வெளிப்படும் என்பதை யார் அறிவர்?